முதுகைத் திருப்பி நின்றவர்கள்

போன வருடம், பள்ளி விடுமுறை தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை. இடம், மலேசியாவின் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடை வாசல். காலை நேரம்தான். ஆனால் அந்த மாதம் அடித்த வெயிலுக்குக் காலை, மதியம் என்ற பேதமெல்லாம் கிடையாது.

நான் ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியன். பணிக்காலம் முழுவதும் உரிமம், அனுமதி, நிபந்தனை, மேல்முறையீடு என்றே போனது. சாலையை மூடவும், பந்தல் போடவும், ஒலிபெருக்கி வைக்கவும் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கதவிலிருந்து எந்தக் கதவுக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்பதும் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு இந்த அறிவு வீட்டில் யாருக்கும் தேவைப்படவில்லை. நான் எதையாவது விளக்கத் தொடங்கினால் என் மனைவி, "சரிங்க ஆபீசர்" என்பாள். அதோடு கூட்டம் கலைந்ததாக அர்த்தம்.

அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முழங்கால் வலிக்கு சைக்கிள் ஓட்டுவது நல்லது என்று டாக்டர் சொல்லப்போக, எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிடுவாள். வலி குறைந்ததோ இல்லையோ, முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. அதனால் எங்கள் குடியிருப்பாளர் சங்கம் குடும்ப சைக்கிள் உலா நடத்தப்போகிறது என்றதும் முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான். அனுமதிக் கடிதங்கள் எல்லாம் என் தலையில் விழுந்தன. உள்ளூர எனக்கு மகிழ்ச்சிதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

எல்லாம் கைகூடி வந்த நேரத்தில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. எந்த நாடோ தெரியவில்லை. ஆணும் பெண்ணுமாக ஒரு பெருங்கூட்டம், உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல், பட்டப்பகலில் நடுச்சாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறது. அனுப்பியவர் எங்கள் செயலாளர். "சைக்கிள் ஓட்டம் என்ற பெயரில் நடக்கும் கூத்தைப் பாருங்கள். நம் பிள்ளைகளின் கதி?" என்று கீழே எழுதியிருந்தார். எச்சரிக்கைதான் அவர் நோக்கம். எச்சரிக்கை அடைந்தவர்கள் எல்லாரும் வீடியோவை முழுதாகப் பார்த்த பிறகே அடைந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. சாதாரண கூட்டங்களுக்குப் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்.

"நம்ம ஊர்ல யாருண்ணே அப்படி ஓட்டப் போறா? கொசு கடிச்சே கொன்னுரும்லா" என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர். சிரிப்பு எழுந்தது.

செயலாளர் சிரிக்கவில்லை. அவர் கவலை, சைக்கிள் ஓட்டிகளின் இறுக்கமான கால்சட்டை. "இன்னிக்கு ஒடம்போட ஒட்டுன சிலுவாரு. நாளைக்கு அதுவும் இருக்காது. அங்க மட்டும் என்ன, மொத நாளே அவுத்துட்டா ஓட்டியிருப்பான்? நம்ம பாதையில கோயில் இருக்கு, பள்ளிவாசல் இருக்கு. யாராச்சும் புகார் கொடுத்தா பதில் சொல்றது யாரு?"

பதில் சொல்லவேண்டியவன் நான்தான். விண்ணப்பத்தில் என் கையெழுத்து இருந்தது. "ரத்து பண்ணிடலாம், தலைவலி இல்ல" என்று இரண்டு மூன்று குரல்கள் கிளம்பின. நான் திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பரிசு இல்லை என்று அறிவித்ததுபோல் அவள் முகம் சுருங்கியிருந்தது.

நான் எழுந்து நின்று, என் பணிக்காலத்தின் மிக உயர்ந்த வாக்கியத்தைச் சொன்னேன். "நிபந்தனையோடு அனுமதிக்கலாம்."

நிபந்தனையை அங்கேயே உருவாக்கினேன். சைக்கிள் உடை என்னவாகவும் இருக்கட்டும். அதன் மேல் சங்கம் கொடுக்கும் முழுக்கைச் சட்டை, கணுக்கால்வரை தளர்வான கால்சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே மினுங்கும் பாதுகாப்பு அங்கி. பாதை முழுவதும் எதையும் கழற்றக் கூடாது. கழற்றுபவர் உலாவிலிருந்து நீக்கப்படுவார். செயலாளருக்குத் திருப்தி. சட்டைக்குப் பணம் கொடுத்தவருக்கு, முதுகு முழுக்க விளம்பரம் போட இடம் கிடைத்த திருப்தி. எனக்கோ, யாரும் குறை சொல்ல முடியாத ஒரு தீர்வைக் கண்ட பெருமை.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் சொன்னாள். "கோயிலுக்கும் கோவம் வரக்கூடாது, பள்ளிவாசலுக்கும் கோவம் வரக்கூடாதுன்னு எங்கள மூட்டையா கட்டிட்டீங்க."

"இல்லேன்னா ரத்து ஆயிருக்கும்."

"அதுவும் சரிதான் ஆபீசர்." பிறகு என் கையைப் பிடித்து லேசாக அழுத்தினாள். தனக்காகத்தான் செய்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

உலா அன்று, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைத்தால்தான் சைக்கிள் நகரும் என்பதும் திட்டத்தில் இருந்தது. அவர் வந்து சேர்ந்தபோது சூரியன் தென்னை மரங்களுக்கு மேலே ஏறியிருந்தது. பிறகு உடற்பயிற்சியின் அவசியம் பற்றி நிழலில் நின்றுகொண்டு பேசினார். உடற்பயிற்சி செய்ய வந்தவர்கள் வெயிலில் நின்று கேட்டார்கள். அடர்சிவப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, அங்கி. என் மனைவியின் முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"தண்ணி குடிச்சியா?" என்று கேட்டேன்.

"குடிச்சா அப்புறம் எங்க போறது? இந்த மூட்டையக் கழட்டி மாட்ட அரை நாளு ஆகும். வந்து குடிச்சிக்கிறேன், போங்க."

நான் போனேன். லிட்டில் இந்தியா முச்சந்தியில் கையில் வாக்கிடாக்கியோடு நிற்க வேண்டியவன் நான். பண்டிகைக்கு முந்திய ஞாயிறு என்பதால் கடைத்தெருவில் கூட்டம். நகைக்கடை, பூக்கடை, பாட்டு, சாம்பிராணி. சைக்கிள்கள் வந்தன, போயின. வந்தவர்கள் எல்லாரும் தண்ணீரில் நனைத்து எடுத்ததுபோல் இருந்தார்கள். முன்னால் வந்த பெண்களிடம் என் மனைவியைக் கேட்டேன்.

"பின்னால வர்றாங்க அங்கிள். மெதுவா வர்றேன், நீங்க போங்கன்னுட்டாங்க."

காத்திருந்தேன். கூட்டம் மெலிந்தது. கடைசியில் அவள் வந்தாள். சைக்கிள் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக அலைந்தது. நான் கையை ஆட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போகப் பார்த்தாள். ஓடிப்போய் கைப்பிடியைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் யார் என்பதே இல்லை.

"பிள்ளைங்க ஏன் இன்னும் வரிசையில நிக்கல?" என்றாள். "பெல் அடிச்சாச்சு."

முகத்தைத் தொட்டேன். சட்டி போல் சுட்டது. மற்றவர்கள் எல்லாரும் வியர்வையில் நனைந்திருக்க, அவள் முகம் மட்டும் காய்ந்திருந்தது. இறக்கிவிடுவதற்குள் அப்படியே சரிந்தாள். பிடித்து, பக்கத்திலிருந்த சேலைக்கடையின் அஞ்சடியில், கடைக்கு முன்னால் இருக்கும் அந்தச் சிமெண்டு நடைபாதையில், படுக்க வைத்தேன். கண்கள் பாதி திறந்திருந்தன. கூப்பிட்டால் பதில் இல்லை.

வாக்கிடாக்கியில் ஆம்புலன்ஸைக் கேட்டேன். அது முடிவிடத் திடலில் நின்றது. அங்கே நிற்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியவன் நான்தான். நடுவில் உள்ள சாலையில் எங்கள் சைக்கிள்களும், சாலை மூடியதால் தேங்கிய கார்களும்.

அப்போதுதான் கடைசி ஆளுக்குப் பின்னால் வரவேண்டிய தொண்டூழியர் வந்து இறங்கினார். இளம் மலாய்ப் பெண். தலையையும் கழுத்தையும் மூடும் தூடோங் அணிந்து, மணிக்கட்டுவரை கையை மூடியிருந்தார். மருத்துவமனைத் தாதி என்று தொண்டூழியர் கூட்டத்தில் அறிமுகமானவர். குனிந்து என் மனைவியின் கழுத்தில் கைவைத்தார். கன்னத்தைத் தட்டினார். பிறகு நிமிர்ந்து, பெரியவர்களை அழைக்கும் 'பாக்சிக்' என்ற மரியாதையோடு மலாயில் என்னிடம் சொன்னார்.

"பாக்சிக், உடம்பு நெருப்பா இருக்கு. துணியெல்லாம் எடுக்கணும். எல்லாத்தையும். இப்பவே."

"இங்கேயா?" என்றேன்.

"இங்கதான் தண்ணிக் குழாய் இருக்கு."

"ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு. அது வந்ததும் உள்ளே வச்சு…"

"பாக்சிக்," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "அதுவரைக்கும் காத்திருந்தா மூளை வெந்துபோகும்."

நான் சுற்றிலும் பார்த்தேன். எங்களைச் சுற்றி ஒரு வளையம் உருவாகியிருந்தது. சாமான் பைகளோடு குடும்பங்கள், இளைஞர்கள். இரண்டு மூன்று கைகள் ஏற்கெனவே மேலே எழுந்துவிட்டன, கைப்பேசியோடு. எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது செயலாளர் அனுப்பிய வீடியோ. நாளைக்கு எல்லாக் குழுக்களிலும் என் மனைவி. பள்ளியில் படித்த பிள்ளைகள் பார்ப்பார்கள். எங்கள் மகன் பார்ப்பான். உயிர் போகிற நேரத்தில் ஒருவன் மனத்தில் இப்படியும் ஓடுமா என்றால், ஓடியது.

சேலைக்கடை முதலாளி வெளியே வந்தார். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் அளவு நாடா. ஒரு பார்வைதான் பார்த்தார்.

"ஏம்மா, அந்தத் துணி வெட்டுற கத்தரிக்கோல எடு! மேல் ரேக்ல உள்ள சேலையெல்லாம் இழு!"

"எதுண்ணே, புதுசையா?" என்றாள் கடைப் பெண்.

"புதுசு பழசு பாக்குற நேரமாம்மா? கைக்கு வந்தத இழு!"

சேலைகள் வந்தன. ஒவ்வொன்றாக உதறி விரித்தார். ஒரு முனையைக் கடைத் தூணில் முடிந்தார். மறுமுனையைக் கைப்பேசி தூக்கிய இளைஞன் பக்கம் நீட்டினார்.

"தம்பி, அத பாக்கெட்ல வச்சிட்டு இந்த முனையப் பிடி. ரெண்டு கையாலயும் பிடி. அந்தப் பக்கம் பாத்து நில்லு."

அவன் பிடித்தான். அடுத்தவருக்கு அடுத்த முனை. "அண்ணே, நீங்க இத. அக்கா, நீங்க இங்க. எல்லாரும் ரோட்டப் பாத்து! பூசிங், பூசிங்!" என்று தமிழிலும் மலாயிலுமாகத் திருப்பினார். ஒரு சீனப் பெரியவர் கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு முனையைப் பிடித்தார். கைகள் வேலையில் இருந்ததால் கைப்பேசிகள் காணாமல் போயின. நான் கண் சிமிட்டுவதற்குள் எங்களைச் சுற்றிக் கிளிப்பச்சையும் அரக்கும் மஞ்சளுமாக ஒரு சுவர் நின்றது. அதற்கு வெளியே முதுகுகள்.

தாதி வெட்டத் தொடங்கினார். முதலில் மினுங்கும் அங்கி. பிறகு சட்டை, விளம்பரத்தின் நடுவே நேராக. பிறகு கால்சட்டை. சங்கத்தின் தடித்த துணி கத்தரிக்கோலுக்கே சிரமம் கொடுத்தது. நான் நிபந்தனையில் சேர்த்த ஒவ்வொன்றையும் அவர் வரிசையாக வெட்டி ஒதுக்கினார். அதற்கும் அடியில் அவளுடைய சைக்கிள் உடை. அதையும்.

"குழாயப் பிடிங்க பாக்சிக். முகத்துல படாம, கழுத்து, அக்குள், தொடை. நிறுத்தாம ஊத்துங்க."

ஊற்றினேன். அவசரத்தில் பாதித் தண்ணீர் என் மேலேயே விழுந்தது. சேலைக்கு அடியில் ஒரு கை மட்டும் உள்ளே வந்தது, வாளியோடு. எதிரே சென்டோல் என்ற ஐஸ் பானம் விற்பவர் போலிருக்கிறது. வாளி நிறைய நொறுக்கிய ஐஸ். "இன்னும் வேணுமா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "வேணும்!" என்று கத்தினேன். கை மறைந்தது. மறுபடி வந்தது. தாதி ஐஸை அள்ளித் துணித் துண்டுகளில் சுற்றி வைத்தார். வெயில் சேலைகளின் வழியாக இறங்கி என் மனைவியின் உடம்பின் மேல் பச்சையும் மஞ்சளுமாக விழுந்தது. இத்தனை வருட வாழ்க்கையில் அவளை நான் அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

எந்த ஊர், பிள்ளைக்கு என்ன பெயர் என்று தாதி அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் இல்லை. நான் மொழிபெயர்த்துத் தமிழில் கேட்டேன். அதற்கும் இல்லை. கழுத்தில் நாடி பார்த்துக்கொண்டே தாதி என் முகத்தைத் தவிர்த்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்த நேரத்தில் வெளியே ஒரு குரல் கேட்டது. "மாத்தி விடட்டுமாண்ணே? ரொம்ப நேரமா பிடிச்சிருக்கீங்க."

"வேணாம்லா. நான் பிடிச்சிக்கிறேன்."

மறுத்தது செயலாளரின் குரல். வாக்கிடாக்கியில் கேட்டு ஓடி வந்திருக்க வேண்டும். சேலைகளின் இடுக்கில் பார்த்தேன். அரக்குச் சேலையின் ஒரு முனை அவர் கையில். சாலையைப் பார்த்துத்தான் நின்றார். பக்கவாட்டில் தெரிந்த முகத்தில், அப்படியும் கண்களை இறுக மூடியிருந்தார்.

முதலில் அவளுடைய விரல்கள் அசைந்தன. பிறகு உடம்பு நடுங்கத் தொடங்கியது. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. தாதி மட்டும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

"ஏங்க," என்றாள் என் மனைவி. "குளிருது."

குழாயைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தேன்.

"என் துணி எங்க?" என்றாள் அடுத்து. அந்த நிலையிலும் அந்தக் கேள்வியில் பயம் இருந்தது.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. முதலாளி இன்னும் இரண்டு சேலைகளை மேலிருந்து உள்ளே போட்டார். அவற்றில் அவளைச் சுற்றினோம். வளையம் ஒரு பக்கம் திறந்து வழி விட்டது. நாங்கள் ஏறும்வரை ஒரு முதுகும் திரும்பவில்லை. தாதிக்கு நன்றி சொல்லத் தேடினேன். அவர் கடைசி ஆளுக்குப் பின்னால் திடலுக்குப் போய்ச் சேர வேண்டியவர். சைக்கிளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் டாக்டர், துணியோடு அப்படியே கொண்டு வந்திருந்தால் தன்னிடம் பேச எதுவும் இருந்திருக்காது என்றார். நான் தலையாட்டினேன். வார்டில் அவளுக்கு நினைவு முழுதாகத் திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி, "யாராச்சும் பாத்தாங்களா?"

"யாரும் பாக்கல."

மேலதிகாரிக்குப் பதில் சொல்வதுபோல் உடனே சொன்னேன். உண்மையில் எனக்குத் தெரியாது. சுவர் எழும்புவதற்கு முன்பே கைகள் மேலே போயிருந்தன. மாடிகளில் ஜன்னல்கள் இருந்தன. எங்கள் வட்டாரத்தில் ஒரு லோரி கவிழ்ந்தால், ஓட்டுநர் வெளியே வருவதற்குள் படம் பக்கத்து ஊரான காப்பாரைத் தாண்டிப் போயிருக்கும்.

அன்றிலிருந்து கைப்பேசி முனகும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தேன். சங்கக் குழு, கோயில் குழு, ஓய்வு பெற்றோர் குழு, உறவினர் குழு. அவள் தூங்கும்போது ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். அவள் விழித்திருக்கும்போது அவளுடைய கைப்பேசியை ஏதாவது காரணம் சொல்லி என் பையில் வைத்துக்கொள்வேன். செயலாளரின் பெயர் திரையில் வந்தால் விரல் விறைத்துவிடும். அவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பியிருப்பார். அந்த மனிதரின் ரோஜாப்பூவுக்கு நான் இப்படி நன்றியோடு இருப்பேன் என்று நினைத்ததில்லை.

நாள்கள் போயின. எதுவும் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் செயலாளரே எழுந்து, இனி உலாவுக்கு உடை நிபந்தனை வேண்டாம், வெயிலுக்குத் தகுந்த மாதிரி அவரவர் போட்டுக்கொள்ளட்டும் என்றார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் நடைமுறைப்படி முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்று கேட்கவில்லை.

அவளுக்கு நன்றாகத் தேறிய பிறகு அந்தச் சேலைக்கடைக்குப் போனோம். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனத்துக்குள் எழுதி வைத்திருந்தேன். முதலாளி எங்களைப் பார்த்தார்.

"வாங்கம்மா, வாங்க. மொத தடவையா வர்றீங்களா? என்ன மாதிரி பாக்குறீங்க?"

அவள் சேலைகளுக்குள் மூழ்கினாள். நான் அவர் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினேன். "அன்னிக்கு அந்தச் சேலைங்க…"

"எந்தச் சேலைண்ணே?" என்றார். கண் இமைக்கவில்லை. பிறகு கடைப் பெண்ணைப் பார்த்து, "அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணி கொடு. வெயில்ல வந்திருக்காங்க" என்றார்.

கடை நிறைய ஆள்கள் இருந்தார்கள். வேறு யாருக்கும் தண்ணீர் வரவில்லை.

திரும்பி வரும்போது காரில் அவள், "அவருக்கு நம்மள ஞாபகமே இல்ல போலிருக்கு" என்றாள். குரலில் அத்தனை நிம்மதி.

"ஆமா," என்றேன்.

மருத்துவமனைக் கட்டிலருகே என் மனைவியிடம் 'யாரும் பாக்கல' என்று நான் சொன்ன அந்தப் பொய்யை, அன்று அங்கே நின்றவர்கள் ஒவ்வொருவரும், ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொள்ளாமலே, இன்றுவரை உண்மையாகக் காப்பாற்றி வருகிறார்கள்.